பாலிஷை எடுக்கிற வேலை: பெங்களூர் அல்சூர் ஷெட்டிலிருந்து

மார்ச் 4, 2025

உகாதி 30ஆம் தேதி வருகிறது. வண்டியைப் பளபளப்பாக்கிக்கொள்ள ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இன்று வந்தது ஒரு கறுப்பு செடான். போன மாதம் வேறொரு இடத்தில் பாலிஷ் போட்டதாம். நிழலில் குறையே தெரியவில்லை. வெயிலுக்குத் தள்ளியதும் பானட் முழுக்க மெல்லிய கோடுகள்.

"மெஷின்ல போட்டாங்கண்ணா, அதான் இப்படி ஆயிடுச்சு. நீங்க கையாலேயே பண்ணிடுங்க" என்றார் வண்டிக்காரர்.

எல்.இ.டி. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் விட்டுப்போகும் கோடுகள் ஒரே அளவில் வளைந்து, வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். விளக்கை நகர்த்தினால் கூடவே நகரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு முழ நீளத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக, ஆள் கை போன போக்கிலேயே கோடுகள். மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. போட்ட பாலிஷைத் துடைத்து எடுத்த துணிதான் கெடுத்திருக்கிறது. சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தைச் சரிசெய்து காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

மார்ச் 5

செடான் முடிந்தது. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட், பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட வராது. அதில் எவ்வளவு குறைவாகச் சீவுகிறோமோ அவ்வளவு நல்லது. சுற்றிக்கொண்டே அதிரவும் செய்யும் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின், மெத்தென்ற ஃபோம் பேட், நைஸ் பாலிஷ். இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்து ஓட்டி, உடனே கையால் துடைத்துவிட்டு அடுத்த இடம். முழு பானட்டையும் ஓட்டிவிட்டுக் கடைசியில் மொத்தமாகத் துடைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குள் முதலில் ஓட்டிய இடம் காய்ந்து இறுகிப்போகும்.

துணியை நாலாக மடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் பாலிஷைக் குடித்து வழுக்க ஆரம்பித்ததும் திருப்ப வேண்டும். முதல் துணி மொத்தத்தை எடுக்கும், இரண்டாவது துணி மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுக்கும். கடைசியாக, தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்து ஒரு துடைப்பு. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோடுகளை மறைத்துக் காட்டும். அது போன பிறகு தெரிவதுதான் உண்மையான பெயின்ட்.

மார்ச் 9

ஷெட்டில் வேலை பார்க்கும் தம்பி கே.ஜி.எஃப்.காரன், கோலார் தங்க வயல் ஊர். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறான். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்து எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் பெங்களூருக்கு வந்து போகிறார்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பி வருகிறவன், வேலையில் தூங்கி வழிந்து நான் பார்த்ததில்லை.

இன்று கேட்டான்: "அண்ணா, போடறது மெஷின்ல. எடுக்கறத மட்டும் ஏன் கையால செய்யறோம்? அதுக்கும் துணி உறை விக்கிறாங்களே, மெஷின்ல மாட்டி ஓட்டினா சீக்கிரம் முடியுமே?"

நியாயமான கேள்வி. சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று, சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) வாங்கிப்போட்டிருந்த பழைய கறுப்பு பானட்டை வெளியே எடுத்தேன். நடுவில் டேப் ஒட்டி, இரு பக்கமும் ஒரே பாலிஷை ஒரே மாதிரி ஓட்டினோம். இடது பக்கம் கையால் துடைத்தோம். வலது பக்கத்துக்கு மெஷினில் மைக்ரோஃபைபர் உறை, கீழே மெத்தை பேட், மிகக் குறைந்த வேகம், மெஷினின் எடை தவிர வேறு அழுத்தம் இல்லை.

முதல் அரை நிமிடம் வலது பக்கம்தான் அழகாக வந்தது. அப்புறம் உறை நிறைந்துவிட்டது. எடுத்ததையே திரும்பப் பூச ஆரம்பித்தது, மங்கலாக ஒரு திரை. விளக்கில் பார்த்தால் புதிதாக மூன்று நாலு கோடுகள்.

காரணம் பாலிஷின் தன்மையில் இருக்கிறது. அதில் இருப்பது அரைக்கும் தூள். சில பாலிஷ்களில் அந்தத் தூள் ஓட்ட ஓட்ட உடைந்து பொடியாகும். இப்போது வருகிற பல பாலிஷ்களில் கடைசி வரை அதே அளவில் நிற்கும். கூடவே, சீவிய கிளியர் கோட்டின் துகளும் கலந்திருக்கும். இந்தக் கலவை உறையில் ஏறிய பிறகு, துடைக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, மெஷின் தேய்த்துக்கொண்டிருக்கும். கையால் எடுக்கும்போது, துணி எங்கே இழுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த நொடியில் துணியைத் திருப்பிவிடலாம். மெஷின் பிடித்த கைக்கு அதிர்வைத் தவிர எதுவும் வந்து சேராது.

தம்பி இரண்டு பக்கத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 15

வெள்ளை எஸ்.யு.வி. ஒன்று, மெழுகு மட்டும் போதும் என்றார்கள். இதற்கு நானே மெஷினை எடுத்தேன். சுத்தமான மெழுகில் அரைக்கும் தூள் கிடையாது. சீரான மெல்லிய பூச்சு, அகன்ற ரூஃப், ஏணியில் நின்று எட்டி எட்டித் துடைத்தால் தோள்பட்டை போய்விடும்; கை சோரும்போது அழுத்தமும் தாறுமாறாகும். இங்கே உறை போட்ட மெஷின்தான் சரி.

பூசிய மெழுகு காய்ந்துவிட்டதா என்று விரலால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் பளிச்சென்று வந்தால் எடுக்கலாம், ஈஷிக்கொண்டால் இன்னும் காயட்டும் என்று விட வேண்டும். மெஷின் சூட்டில் மெழுகு உருகிவிடும் என்ற பயம் வேண்டாம். கார்னாபா என்ற பனை மெழுகு உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். குறைந்த வேகத்தில் ஓடும் உறை பெயின்ட்டைச் சற்றே வெதுவெதுப்பாக்கும், அவ்வளவுதான்.

கைப்பிடிக் குழிவு, எழுத்துச் சின்னங்கள், கண்ணாடியின் அடிப்பக்கம், பாடி லைன் விளிம்புகள் எல்லாம் கையால்தான். விளிம்பில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே மெஷினைக் கொண்டுபோகவே கூடாது.

மார்ச் 18

வீட்டிலேயே பாலிஷ் போட்டுப் பார்த்த ஒருவர் வந்தார். அடுக்குமாடி வளாகத்தில் வெட்டவெளியில், உச்சி வெயிலில் போட்டிருக்கிறார். கதவெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் அதே வெள்ளை. "அழுத்தித் தேய்ச்சா போகல. ஹோஸ் போட்டு அடிச்சா போயிடுமா?" என்று கேட்டார்.

எண்ணெய் கலந்த பாலிஷ் வெறும் தண்ணீருக்கு அசையாது. தவிர, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. ஒரு வண்டிக் கதவுக்காகத் தண்ணீரைத் திறந்துவிட எனக்கு மனசு வராது.

காய்ந்த பாலிஷை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பதுபோல் பெயின்ட்டுக்குக் கெடுதல் வேறில்லை. வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு ஆறும்வரை விட்டு, அதே பாலிஷில் ஒரு துளியைக் காய்ந்த இடத்தில் தடவினேன். பழையது இளகிக் கூடவே வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஏறியதை மென்மையான பிரஷ்ஷும் கிளீனரும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். போடுவதற்கு முன்னால் ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது.

மார்ச் 23

துணி துவைக்கும் நாள். மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு ஏறும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றக் கூடாது, இழை அடைத்துப் பிறகு எதையும் உறிஞ்சாது. பாலிஷ் துணி தனி, மெழுகுத் துணி தனி. தரையில் விழுந்த துணி இனி சக்கரத்துக்கு மட்டும்.

மார்ச் 27

மூன்று நாளில் உகாதி. ஷெட்டுக்கு வெளியே வரிசை. தம்பி தனியாக ஒரு கறுப்பு ஹேட்ச்பேக்கை முடித்தான். பாலிஷைக் கையால் எடுத்தான். மெழுகுக்கு ரூஃபிலும் பானட்டிலும் உறை, மற்ற இடமெல்லாம் கை. நான் எதுவும் சொல்லவில்லை. வெயிலில் நிறுத்தி விளக்கும் போட்டுப் பார்த்தேன், கோடு எங்கும் இல்லை.

வந்தவர் ரேட்டைப் பேரம் பேசினார். "துடைக்கிறதுக்குக்கூடவா இவ்வளவு?" என்றார். போட ஆகும் நேரத்துக்குக் குறையாமல் எடுக்கவும் ஆகிறது என்று சொல்லி, தம்பி திருப்பித் திருப்பிப் பயன்படுத்திய துணிகளைக் காட்டினேன். ஏப்ரலிலிருந்து பில்லில் அதைத் தனி வரியாகவே எழுதப்போகிறேன். அந்த வரியில் வரும் பணத்தில் பாதி அவனுக்கு.

நாளைக்கு இரண்டு எஸ்.யு.வி., ஒரு சிவப்பு செடான். சிவப்புக்கு நான் முதலில் டேப் ஒட்ட வேண்டும்.