காதில் கருவி இருந்தால் போதுமா?

செல்பேசியைக் கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சட்டத்தின் சொற்களும் அதற்கு இடங்கொடுக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஆபத்தான ஓட்டுதலின் வகைகளில் ஒன்றாக வெளிப்படையாகக் குறிப்பிடுவது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவிகளைத்தான். அதனால் புளூடூத் மாட்டியவர் தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வாகனம் ஓட்டுவதைப் போன்ற ஒரு பணியைச் செய்துகொண்டே செல்பேசியில் உரையாடியவர்கள், பேசாமல் இருந்தபோது தவறவிட்டதைப் போல இரு மடங்கு சிவப்பு விளக்குகளைத் தவறவிட்டார்கள். பார்த்த விளக்குகளுக்கும் தாமதமாகவே பிரேக் பொத்தானை அழுத்தினார்கள். கருவி கையில் இருந்ததா, காதில் இருந்ததா என்பதால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. வானொலி கேட்டவர்களிடமோ இந்தக் குறை தென்படவில்லை. கேட்பது வேறு, கேட்டுப் புரிந்துகொண்டு பதிலைத் தேடிச் சொல்வது வேறு. 2003-இல் அதே குழுவினர் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியோடு நடத்திய சோதனை இன்னும் கலங்க வைக்கிறது: பேசிக்கொண்டு ஓட்டியவர்களின் பார்வை சாலையோர விளம்பரப் பலகைகளின் மீது நேராகப் படிந்திருந்தும், பின்னர் கேட்டபோது அவற்றில் பலவற்றை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. விளம்பரப் பலகை நினைவில் நிற்காவிட்டால் நட்டமில்லை. அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அப்படியானால் அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் தவறா என்று கேட்கலாம். அவருக்கும் அதே சாலை தெரிகிறது. முன்னால் லாரி திடீரென்று வேகம் குறைத்தால் அவர் பேச்சும் தானாக நின்றுவிடும், சில நேரம் "பார்த்துப் போ" என்று எச்சரிக்கவும் செய்வார். மறுமுனையில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கியா? சரி, சீக்கிரம் சொல்லிடறேன்" என்று தொடங்கி, வீட்டுக் கடன் தவணையையோ அலுவலகச் சண்டையையோ விரிவாகச் சொல்லத் தொடங்குகிறார். ஓட்டுபவரைக் குறைசொல்லும் நாம் அழைப்பவரை எப்போதும் விட்டுவிடுகிறோம். அந்த முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்த உடனே அழைப்பைத் துண்டிப்பதே மரியாதை என்று நான் கருதுகிறேன்.

பிழைப்புக்காக ஓட்டுபவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. சென்னையின் எந்தச் சிக்னலில் நின்று பார்த்தாலும், தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே செல்பேசியைச் செருகிக்கொண்டு, உணவுப் பையோடு வாடிக்கையாளரிடம் வழி கேட்டபடி செல்லும் இளைஞரைக் காணலாம். வாடகைக் கார் ஓட்டுநரின் நிலையும் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சவாரிக்கான அழைப்பு திரையில் ஒளிர்கிறது, அதைச் சில நொடிகளுக்குள் ஏற்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும் வண்டியில், முகவரியைப் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, வருமானத்தை எடைபோட்டு அவர் விரலை வைக்க வேண்டியிருக்கிறது. அவரைத் தண்டிப்பதற்கு முன், அந்தச் செயலியை வடிவமைத்தவர்களைக் கேள்வி கேட்க வேண்டும்.

வண்டி நகர்வதைச் செல்பேசியால் உணர முடியும். ஓட்டும்போது அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் வசதி 2017 முதலே ஐபோனில் இருக்கிறது. வண்டி நிற்கும்வரை அடுத்த சவாரியைத் திரைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும்படி செயலி நிறுவனங்களுக்குக் கட்டளையிட, போக்குவரத்துத் துறைக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.