கடிதத்தில் யாருடைய பெயர்?

போன போயா தினத்தன்று எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ‘கசாப்ளாங்கா’ பார்த்தோம். 1942 இல் வந்த படம், ஒரு மணி 42 நிமிடம். எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. கடற்கரையோரமாக ரயில் போகும்போதெல்லாம் வசனம் அமுங்கிவிடும். நிறுத்தி, பின்னுக்கு ஓட்ட வேண்டும். அது போதாதென்று என் மகள் பெரியம்மாவுக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்தைத் தெரிவு செய்தவர் அண்ணா. பெரியம்மாவின் மகன், ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறார். “உலகத்தின் மிகச் சிறந்த காதல் படம்” என்றார். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். இருபது வயதில் வீடியோ கடையில் கசெட் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, விமான நிலையக் காட்சியில் அழுதிருக்கிறேன்.

படம் ஒரு வரைபடத்தோடு தொடங்குகிறது. ஜெர்மன்காரனுக்குப் பயந்தவர்கள் பாரிஸிலிருந்து மார்செய், கடல் தாண்டி ஓரான், அங்கிருந்து கசாப்ளாங்கா. லிஸ்பனுக்கு விமானம் ஏறினால் பிறகு அமெரிக்கா. ஆனால் வெளியேற விசா வேண்டும். கிடைக்காதவர்கள் காத்திருக்க வேண்டும்.

“எத்தனை மாதம்?” என்று கேட்டார் பெரியம்மா.

கதை முழுவதும் இரண்டு கடிதங்களைச் சுற்றி ஓடுகிறது. அவற்றை வைத்திருப்பவரை யாரும் மறிக்க முடியாது. (அப்படி ஒரு கடிதம் நிஜத்தில் இருந்ததே இல்லை, கதைக்காக உண்டாக்கியது.) மகள் முதலில் ‘பயணக் கடிதம்’ என்றாள். பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. “பாஸ் மாதிரி” என்றேன். உடனே நாற்காலியில் நிமிர்ந்தார்.

“பாஸா? பிணை நிற்க ஆள் கேட்டார்களாமா?”

இப்போது விளங்காமல் முழித்தது மகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வருவோம் என்பதற்கு ஒருவரைப் பிணை வைக்க வேண்டும் என்பதை, படத்தை நிறுத்திவிட்டு அவளுக்குச் சொன்னேன். பெரியம்மாவும் அண்ணாவும் 1994 இல் அப்படித்தான் வந்தார்கள். இரவில் கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியா தாண்டி, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் 14 மாதம். பொலிஸ் பதிவுத் துண்டு தலையணைக்குக் கீழே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் தொலைபேசி எண் தாலிக்கொடியோடு முடிந்த கைக்குட்டையில்.

அதற்குப் பிறகு பெரியம்மா வேறொரு படம் பார்த்தார். கசாப்ளாங்காவில் மதுச்சாலை நடத்தும் ரிக்கும் அவனுடைய பழைய காதலி இல்சாவும் பாரிஸில் காரில் போகிற இடமெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை, பற்றிஸ் சாப்பிட்டார். அமெரிக்கா போகவிருக்கும் கிழத் தம்பதி ஒன்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் மணி கேட்டுப் பழகுகிற காட்சியில் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லொட்ஜில் அடுத்த அறைப் பெண் ‘என் கணவர் கனடாவில் காத்திருக்கிறார்’ என்பதை ஆங்கிலத்தில் இரவிரவாகப் பாடமாக்குவாளாம். மெல்லிய பலகைச் சுவர். அந்த ஒரு வசனம் பெரியம்மாவுக்கு இன்னும் மனப்பாடம்.

பிறகு அந்தப் பல்கேரியப் பெண் வருகிறாள். புதிதாகக் கல்யாணமானவள். புருஷன் சூதாட்ட மேசையில் இருந்த காசையும் தொலைத்துக்கொண்டிருக்கிறான். பொலிஸ் தலைவன் ரெனோ விசாவுக்கு என்ன விலை கேட்கிறான் என்று சொல்லாமலே, அவன் வாக்குக் காப்பாற்றுகிறவனா என்று ரிக்கிடம் கேட்கிறாள். மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். தேவைப்படவும் இல்லை.

“எங்களுக்கு மேல் மாடியில் ஒரு பிள்ளை இருந்தது” என்றார் பெரியம்மா. நாங்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். “நீங்கள் படத்தைப் பாருங்கள்” என்றார்.

ரிக் அந்தப் புருஷனை 22 ஆம் எண்ணில் இரண்டு தரம் ஜெயிக்க வைத்தபோது தொடையில் தட்டினார்.

ரிக் தன்னிடமிருந்த கடிதங்களைக் கொடுத்து இல்சாவை அவள் கணவன் லாஸ்லோவோடு விமானத்தில் அனுப்பிவைக்கிற கடைசிக் காட்சி முடிந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “தியாகம் என்றால் இதுதான்” என்றார். மகளுக்கு வந்ததே கோபம். “அந்த இரண்டு ஆம்பிளைகளும் அவளை ஒருவர் மாறி ஒருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? விமானத்தில் ஏற்றும்வரை அவளுக்கே தெரியாது!” படப்பிடிப்பின்போது தன்னை யாருடன் அனுப்பப்போகிறார்கள் என்று தனக்கே தெரியாதென இங்கிரிட் பேர்க்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார் என்றேன். “பார்த்தீர்களா!” என்று அதையும் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். என் கணவரின் குறை வேறு: மொரோக்கோவில் நடக்கும் கதையில் ஊர்க்காரர்கள் கதவு திறக்கிறார்கள், துணி விற்கிறார்கள், அவ்வளவுதானாம். நியாயமான குறைதான். எனக்கோ இந்த வயதில் லாஸ்லோதான் பிரச்சினை. வதைமுகாமிலிருந்து தப்பி வந்த மனிதரின் வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சத்தம் ஓய்ந்த பிறகு பெரியம்மா சொன்னார்: “இரண்டு கடிதம், மூன்று பேர். அவன் வேறு என்ன செய்வான்? எங்களிடம் ஒருவருக்குத்தான் காசு இருந்தது.”

அண்ணா தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். அவர் கழுவி நான் பார்த்ததில்லை. அன்று எல்லாவற்றையும் கழுவினார்.

1995 இல் அவரை அனுப்பிவிட்டு அதே லொட்ஜுக்குத் தனியாகத் திரும்பிய கதையைப் பெரியம்மா எப்போதும் ஒரு வரியில்தான் சொல்வார். அன்றும் அதற்கு மேல் போகவில்லை.

இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மதுச்சாலையில் ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கிப் பிரெஞ்சுத் தேசிய கீதம் பாடும்போது, கண்ணீரோடு நிற்கும் இளம்பெண் மடலின் லெபோ. நிஜத்திலும் 1940 இல் பாரிஸிலிருந்து ஓடியவர். அவரும் கணவர் மார்செல் டாலியோவும் லிஸ்பனில் கப்பல் ஏறி மெக்சிக்கோ வந்தபோது, காசு கொடுத்து வாங்கிய சிலி நாட்டு விசா போலி என்று பிடிபட்டுத் தவித்திருக்கிறார்கள். பிறகு கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைத்துத்தான் அமெரிக்காவுக்குள் போனார்கள். அந்த டாலியோதான் படத்தில் ரிக்கின் சூதாட்ட மேசையில் சக்கரம் சுழற்றுபவர். ஜெர்மன் மேஜராக நடித்த கொன்ராட் வைட்கூட யூத மனைவியோடு 1933 இல் ஹிட்லரின் நாட்டை விட்டுப் போனவர். பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டு பெரியம்மா பார்த்தது இவர்களுடைய படத்தை. நானும் அண்ணாவும் இத்தனை வருடமாக முன்னால் நிற்கிற மூன்று பேரை மட்டும் பார்த்திருக்கிறோம்.

காலையில் பிளேன்ரீ குடிக்கும்போது லெபோவின் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். போலி விசா என்றதும் வியப்பார் என்று எதிர்பார்த்தேன். சீனியைக் கலக்கிக்கொண்டே, “எவ்வளவு வாங்கினானாம்?” என்று கேட்டார்.