கிருபாசனத்தண்டையில்

மார்ச் 3, செவ்வாய்

"ஜெபம் பண்ண எனக்குத் தகுதியில்லைக்கா. நீங்க பண்ணுங்க, உங்க ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்பார்." ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு தங்கை சொன்னாள். அவளுக்காக ஜெபித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அவள் ஜெபத்தைக் கேட்காத தேவன் என்றால், நான் மட்டும் எதை நம்பி முழங்கால் போடுகிறேன்?

மார்ச் 4, புதன்

லேவியராகமம் 16. பிரதான ஆசாரியன்கூட நினைத்த நேரத்தில் திரைக்குள், தேவசமுகம் இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள், போக முடியாது. வருஷத்தில் ஒரே நாள், 7ஆம் மாதம் 10ஆம் தேதி. சணல்நூல் அங்கி. முதலில் தன் பாவத்துக்காகக் காளையின் இரத்தம், பிறகு ஜனங்களுக்காக வெள்ளாட்டின் இரத்தம். தூபப்புகை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் சாவான். பிரதான ஆசாரியனான ஆரோனின் இரண்டு குமாரர் கர்த்தருடைய சந்நிதியில் சேர்ந்து செத்ததைச் சொல்லித்தான் அதிகாரமே தொடங்குகிறது. அந்தத் தங்கையின் பயம் வெறும் பயமில்லை. அதை லேசாகத் தட்டிவிடக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

இயேசு ஜீவனை விட்டபோது, தேவாலயத்தின் அந்தத் திரைச்சீலை "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்" கிழிந்தது என்கிறார் மாற்கு. மேலிருந்து! எந்த மனுஷனும் கைவைத்துக் கிழிக்கவில்லை. எபிரெயர் 4:16 நம்மைத் தைரியமாய்க் கிருபாசனத்தண்டையில் சேரச் சொல்கிறது. அதற்கான காரணம் முந்தின வசனத்தில் இருக்கிறது: நம் பலவீனங்களைக் கண்டு பரிதபிக்கிற பிரதான ஆசாரியராகிய இயேசு. ஜெபிக்கிறவருடைய தகுதியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. போவதும் இரக்கத்தைப் பெறத்தானே? இரக்கம் தேவைப்படுகிற அவளுக்குத்தான் அந்த அழைப்பு.

மார்ச் 8, ஞாயிறு

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்ப சத்தமா, அதிகாரமா ஜெபிக்கணுமாக்கா?" என்றாள். உரத்துக் கட்டளையிடுவதுதான் தைரியம் என்கிற போதனையில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்காக ஜெபித்த அன்னாளின் உதடுகள்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான். சோதோம் பட்டணத்தை அழிக்க வேண்டாம் என்று மன்றாடிய ஆபிரகாமோ, தான் தூளும் சாம்பலும் என்று சொல்லிக்கொண்டே 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரைக்கும் கேட்டுக்கொண்டே போனான்.

மார்ச் 11, புதன்

கேட்டது கிடைக்காவிட்டால்? அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்ததுதான். 1 யோவான் 5:14 "அவருடைய சித்தத்தின்படி" என்று சொல்வதை வாசித்துக் காட்டினேன். கெத்செமனே தோட்டத்தில் தேவகுமாரனாகிய இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நீங்கவில்லை. ஆனாலும் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டுத்தான் கேட்டார். அதற்குமேல் விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. இருவரும் முழங்கால் போட்டோம். அவளே தொடங்கினாள். நடுவில் அழுகை வந்து வார்த்தை நின்றது. மறுபடி தொடர்ந்தாள். வேலைக்காகக் கேட்டாள், பேசாமலிருக்கிற அண்ணனுக்காகக் கேட்டாள், ராத்திரி தூக்கம் வேண்டும் என்று கேட்டாள்.