‘க்கு’ வந்தால் ‘டு’ போடலாமா?

‘ரீசன் ஆஃப் மை லீவ்’ என்று தொடங்கும் மெயில்கள் அலுவலகங்களில் ஏராளம். ரீசனுக்குப் பின்னால் வரவேண்டியது ஃபார். அதே காரணத்தை ‘காஸ்’ என்று சொன்னால் ஆஃப். ரீசன் ஃபார் த டிலே, காஸ் ஆஃப் த ஃபயர். தமிழில் இரண்டுமே ‘-க்குக் காரணம்’தான். எந்த ப்ரெபொசிஷன் (ஆஃப், ஃபார், டு போன்ற இணைப்புச் சொல்) என்பதைப் பெரும்பாலும் முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்கிறது. பின்னால் வருவதைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது.

நம் வேற்றுமை உருபான ‘-க்கு’ பல இடங்களில் சரியாகவே வழிகாட்டும். கேள்விக்குப் பதில், ஆன்ஸர் டு. வண்டிக்குச் சேதம், டேமேஜ் டு. பிரச்சினைக்குத் தீர்வு, சொல்யூஷன் டு. இங்கெல்லாம் ஆஃப் போடுகிறவர்கள் தமிழில் யோசித்திருந்தாலே தப்பித்திருப்பார்கள். (உப்புக் கரைசலுக்கு ‘சொல்யூஷன் ஆஃப் சால்ட்’ சரி. அது வேறு சொல்யூஷன்.)

உருபு ஏமாற்றும் இடம், ஒன்றை வேண்டி நிற்கும் பெயர்ச்சொற்கள். அப்ளிகேஷன், ரிக்வெஸ்ட், டிமாண்ட், நீட் எல்லாவற்றுக்கும் கேட்கும் பொருளுக்கு முன்னால் ஃபார். வங்கிக்குக் கடனுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று வையுங்கள். தமிழில் இரண்டு ‘க்கு’. ஆங்கிலத்தில் ‘அப்ளிகேஷன் டு த பேங்க் ஃபார் அ லோன்’. யாரிடம் போகிறதோ அங்கே டு, எது வேண்டுமோ அங்கே ஃபார். கடன் கிடைத்தபின் கட்டும் வட்டி ‘இன்ட்ரஸ்ட் ஆன் த லோன்’. இசையில் ஆர்வம் என்றால் ‘இன்ட்ரஸ்ட் இன் மியூசிக்’. சொல் ஒன்று, பொருள் மாறினால் ப்ரெபொசிஷனும் மாறும்.

‘மேல்’ இதைவிட மோசம். பொருள்மேல் வரி, எல்லைமேல் தாக்குதல் இரண்டுக்கும் ஆன் பொருந்திவிடுவதால் எல்லாவற்றுக்கும் ஆன் போடக் கை போகும். ஆனால் ஆசிரியர்மேல் மரியாதை ‘ரெஸ்பெக்ட் ஃபார்’, அவர்மேல் நம்பிக்கை ‘கான்ஃபிடன்ஸ் இன்’, அவர்மேல் புகார் ‘கம்ப்ளெயின்ட் அகெய்ன்ஸ்ட்’ அல்லது ‘அபௌட்’.

சம்பள உயர்வு எழுதும்போது இரண்டு ப்ரெபொசிஷன் சேர்ந்து வரும். எது உயர்ந்ததோ அதற்கு இன், எவ்வளவு என்பதற்கு ஆஃப்: ‘ஆன் இன்க்ரீஸ் ஆஃப் 5,000 ருபீஸ் இன் சாலரி’. வினையாக எழுதினால் அந்த ஆஃப் இருந்த இடத்தில் பை வரும்.

பெயர்ச்சொல்லின் ப்ரெபொசிஷனை வினைச்சொல்லுக்கும் ஒட்டிவிடுவது நம்மூரில் வேரூன்றிய பிழை. ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி என்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ பிறந்தது. ‘எம்ஃபசிஸ் ஆன்’ பார்த்து ‘எம்ஃபசைஸ் ஆன்’. ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ பார்த்து ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. டிஸ்கஸ், எம்ஃபசைஸ், ரிக்வெஸ்ட் மூன்றும் வினையாக வரும்போது செயப்படுபொருளை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்; இடையில் எதுவும் வேண்டாம். விசிட், லேக், ஆன்ஸர் ஆகியவையும் இப்படித்தான்: ‘அ விசிட் டு மதுரை’, ஆனால் ‘வீ விசிட்டட் மதுரை’.

டுவிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. ‘நீட்’டுக்குப் பின் வரும் டு வினையோடு சேர்ந்தது: நீட் டு டீச். ‘அப்ரோச்’சுக்குப் பின் வரும் டு ப்ரெபொசிஷன்: அப்ரோச் டு டீச்சிங். சந்தேகம் வந்தால் டுவுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘அப்ரோச் டு எஜுகேஷன்’ சரியாக ஒலிக்கிறது. ‘நீட் டு எஜுகேஷன்’ சரியாக ஒலிக்காது. சரியாக ஒலித்தால் டுவுக்குப் பின் வரும் வினையோடு ஐஎன்ஜி போடுங்கள்.

அகராதியில் பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள்; ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி பெயர்ச்சொல்லோடு வரும் ப்ரெபொசிஷனைத் தடித்த எழுத்தில் காட்டும். நூல்களில் எந்தச் சொல் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுளின் என்கிராம் வியூவரில் சொல்லை அடித்து, ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போட்டால், அடுத்து அதிகம் வரும் பத்துச் சொற்கள் வரைபடமாக வரும். பிரிட்டிஷ், அமெரிக்க நூல்களைத் தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். அதில் ‘அண்ட்’, ‘இஸ்’ போன்றவையும் கலந்து வரும், அவற்றைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.