ஆச்சியின் இன்லாண்டு கடிதங்களை வரைந்து பார்க்கிறேன்

ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பம்பாய் மாட்டுங்காவில் இருந்த அப்பாவுக்கு அவள் போட்ட இன்லாண்டு கடிதங்கள் (உறை இல்லாமல் மடித்து ஒட்டி அனுப்பும் நீலத் தாள்கள்) எல்லாமே, அவள் சொல்லச் சொல்ல ஊரில் யாராவது எழுதிக் கொடுத்தவை. அப்பா படித்ததும் கம்பியில் குத்தி மாட்டிவிடுவார். அதனால் ஒவ்வொன்றின் நடுவிலும் துருப்பிடித்த ஓட்டை. அவற்றை வைத்து ஒரு மடிப்புப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறேன்.

பாதிக் கடிதங்களில் தேதி இல்லை, தபால் முத்திரை வெறும் கறுப்பு அப்பல். 400019 என்று முகவரி இருந்தால் 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்த பிறகு எழுதியது. ஆனால் 'பம்பாய்-19' என்ற பழைய முகவரியைப் பழக்கத்தில் பிறகும் எழுதியிருப்பார்கள். அதற்குக் கம்பியில் இருந்த வரிசையே துணை.

அசலில் கை வைக்கவில்லை. பவுண்டன் பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும், பால்பாயிண்ட் வெளிச்சத்தில் வெளுக்கும். போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் பேப்பர்.

படிக்கும்போது கண்ணில் படாதது வரையும்போது கைக்குத் தெரிகிறது. நிறையக் கடிதங்கள் ஒரே பெரியவரின் கையெழுத்து. 'இல்லை', 'பிள்ளை' எல்லாம் பழைய லை, ளை எழுத்துகளின் யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய படிப்பு. அந்த வளைவை ஒரே இழுப்பில் கொண்டுவர எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பின்னால் வரும் சிலவற்றை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியிருக்கிறது. பால்பாயிண்டை அப்படி அழுத்தியிருக்கிறது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கம் எழுத்து புடைத்து நிற்கிறது.

பெரியவர் எழுதிய ஒன்றில் "கிணற்றில் கடைசிப் படியும் தெரிகிறது" என்று இருக்கிறது. அடுத்து ஒரு மைப்பொட்டு. அதன்பிறகு, "நீ பணம் அனுப்ப வேண்டாம்." ஆச்சி பேச்சை நிறுத்தியிருக்கிறாள், அவர் பேனாவை எடுக்காமல் காத்திருந்திருக்கிறார். என் கணிப்புதான். ஆனால் அந்தப் பொட்டை மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்துவிட்டேன். இதுவரை செய்ததில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

பழைய தோற்றத்துக்கு டீ டிகாஷனில் காகிதத்தை நனைப்பது வழக்கம். எனக்கு ஒப்பவில்லை, எல்லாம் நாடகத்து ராஜா ஓலை மாதிரி ஆகிவிடும். இன்லாண்டுக்கு உள்ளது நீலம். செருலியன் நீலத்தில் துளி பழுப்பு கலந்து, தண்ணீராய்க் கரைத்துப் பூசினேன். ஒட்டியது மைதா பசையில். பூச்சி அரிக்காமல் இருக்க, பைண்டிங் கடைக்காரர்கள் போடுவதுபோல் கொஞ்சம் மயில்துத்தம். கடைசியில் பக்கங்களை அடுக்கி, நடுவே கோணி ஊசியால் ஓர் ஓட்டை.

மடிப்பு ஓரங்களில் குறுக்கே எழுதியவை இன்னும் பாக்கி. வடகம் வந்து சேர்ந்ததா, எந்தப் பசு கன்று போட்டது, யாருக்குக் கல்யாணம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எழுத்து படுபொடி. 0.1 மெல்லிய முனைப் பேனா வாங்கிக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.