மச்சான் மிக்சர் வாங்கினான், எனக்கு வேலை வந்தது

போன வாரத்திலிருந்து எங்கள் வாசலில் சீமெந்துச் சாந்து கலக்கும் மிக்சர் ஒன்று நீலப் படங்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஸ்கூட்டியை வெளியே எடுக்க வழியில்லை. மனைவியிடம் சொன்னால், "தம்பி ஆசையா வாங்கினது, கொஞ்ச நாளைக்கு நிக்கட்டுமே" என்கிறாள். என் தம்பி ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தியபோது இந்தக் கொஞ்ச நாள் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

மச்சான் இவ்வளவு காலமும் முற்றங்களுக்கு இன்டர்லொக் கல் பதித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன். அது மணலைப் பரப்பி அடுக்கினாலே உட்கார்ந்துவிடும். இப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு கோயில் முற்றத்துக்குக் கருங்கல் பலகை பதிக்கும் வேலையைப் பிடித்திருக்கிறான். பலகைக்குக் கீழே சாந்து, பலகைக்கு நடுவே சாந்து, எங்கே பார்த்தாலும் சாந்து. சவலால் குழைத்துக்கொண்டிருந்த பையன்கள் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அதனால் மிக்சர்.

எந்த மிக்சர் என்பதைக் கொட்டகலை காதுகுத்தில் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பிள்ளைக்குக் காது குத்தியதை யாரும் பார்க்கவில்லை, பிள்ளை அழுததால் குத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. சின்ன மாமா கரண்டுக் கட்சி. சத்தமில்லை, புகையில்லை, பட்டனைத் தட்டினால் சரி என்றார். முற்றத்துக்கும் பிளக்குக்கும் இடையில் அத்தனை நீளம் வயர் இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டர் முனகியே சாகும் என்றேன். பெரிய மாமா பெற்றோல் கட்சி. அவருக்கும் ஒன்று வைத்திருந்தேன். எங்கள் ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏறினால் எஞ்சினின் பலம் 3 வீதம் அளவில் குறையும். கொழும்பில் 100 என்றால் இங்கே 88தான். "இந்த மேட்டுல எனக்கே அவ்வளவுதான் இருக்கு, எஞ்சினக் குத்தம் சொல்ல வந்துட்டாரு" என்றார் பெரிய மாமா. எல்லோரும் சிரித்தார்கள், பெற்றோல் வென்றது. கணக்கு வாத்தியார் வாயைத் திறந்தால் எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

கடைக்கு ஒரு வேன் நிறையப் போனோம். மிக்சர் வாங்க இத்தனை பேர் எதற்கு என்று முதலாளி கேட்கவில்லை, கதிரைகளை மட்டும் உள்ளே எடுத்து வைத்தார். சுற்றும் டிரம் ஒன்றைக் காட்டி, "140 லீட்டர், ஒரே சுத்துல ஒரு மூட்டை சீமெந்து போடலாம்" என்றான் கடைப் பையன். காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 50 கிலோ மூட்டை 35 லீட்டர் அளவு வரும். ஒன்றுக்கு நாலு என்றால் மணல் 140. மொத்தம் 175. டிரம்மோ சாய்ந்து சுற்றுகிற சாதி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போட்டால் வாய்வழியே துப்பும். அரை மூட்டைதான் போகும். பையன் என் பத்திரிகையைத் திருப்பி, "விருந்து எப்ப?" என்றான்.

பின்னால் இருந்த முற்றத்தில் அரை மூட்டை போட்டே ஓட்டிக் காட்டினான். கொங்கிரீட்டாக இருந்தால் சல்லிக்கல் விழுந்து புரண்டு கலவையைப் பிசைந்துவிடும். சாந்தில் கல் இல்லை. பலகைக்குக் கீழே போடும் சாந்தை வேறு இறுக்கமாகத்தான் கலக்க வேண்டும். பாதிச் சாந்து டிரம்மின் சுவரில் அப்பிக்கொண்டு சும்மா சுற்றியது. மீதி லட்டு லட்டாக வந்து விழுந்தது. சின்ன மாமா ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். உள்ளே காய்ந்த சீமெந்து அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு பான் மிக்சரைக் காட்டினார்கள். அகலத் தொட்டி, உள்ளே துடுப்புகள் சுற்றிச் சுற்றி அடியிலிருந்து வாரிப் புரட்டுகின்றன, அடியில் கதவைத் திறந்தால் சாந்து பொத்தென்று இறங்குகிறது. முழு மூட்டை, ஒரு உருண்டை கிடையாது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கல்யாணத்தில்கூட இவன் இப்படி நிற்கவில்லை. சாந்துக்கு இதுதான் மிக்சர் என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. பெரிய மாமா பேரம் பேசத் தொண்டையைச் செருமினார்.

எலிப்பொறி வாங்குவதற்காக மட்டும் எங்களோடு வந்திருந்த அம்மாயி அப்போதுதான் எட்டிப் பார்த்தார். "ஏய்யா, இத அந்தப் படியில எப்படி ஏத்துவ?"

யாரும் பேசவில்லை. டிக்கோயாவில் அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரோட்டிலிருந்து படி, படிக்கு மேல் படி. முதுகில் கொழுந்துக் கூடையோடு அந்த மலையை நாற்பது வருசம் ஏறி இறங்கிய கால் அம்மாயியுடையது. எங்களில் ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை. மச்சானும் மாமாமாரும் கடைப் பையனுமாகச் சேர்ந்து பான் மிக்சரை ஒரு சாண் தூக்கிப் பார்த்து, பத்திரமாக அங்கேயே வைத்தார்கள்.

ஆக, டிரம்தான். எஞ்சின் வேறு, டிரம் வேறு, கால் வேறு என்று கழற்றித் தோளில் ஏற்றலாம். உருண்டை பிடிக்காமலிருக்க முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி மணல், சீமெந்து, கடைசியில் மீதி மணல். டிரம்மைக் கிடையாகச் சாய்த்தால் இன்னும் நன்றாகப் புரளும். எங்கள் ஊர் மழையில் மணல் ஏற்கனவே நனைந்து உப்பியிருக்கும், தண்ணீரைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அப்படியும் அப்பினால் நிறுத்திவிட்டுச் சுரண்ட வேண்டும். சரி, ஓடுகிறது.

என் கோபம் வேறு. மாமியார் வீட்டுக்கும் படிதான், ரோட்டோரத்தில் இருப்பது என் வீடு மட்டும், அதனால் மிக்சர் என் பொறுப்பு. நேற்று எதிர்வீட்டு அண்ணன் வந்து, "தம்பி, சுவர் பூசணும், ஒரு மணித்தியாலம் தாங்களேன்" என்றார். பொழுது சாய்ந்து மிக்சர் திரும்பி வந்தபோது உள்ளே சாந்து இறுகியிருந்தது. இரண்டு வாளி தண்ணீரும் ஒரு கூடை சல்லியும் போட்டு ஓட்டியிருந்தால் அப்போதே கழன்றிருக்கும். இன்று பௌர்ணமி, போயா லீவு. காலையிலிருந்து டிரம்முக்குள் தலையை விட்டு உளியால் தட்டிக்கொண்டிருக்கிறேன். மாமியார் சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்தார், தம்பி வேலை செய்து களைத்திருப்பான் என்று. தம்பி உள்ளே தூங்குகிறான்.