மூணெழுத்துப் பட்டு, 15 பைட்டு, அப்புறம் நான் பண்ணின கூத்து

2024 ஆகஸ்ட்ல கிவ்டபிள்யூபிங்கற வேர்ட்பிரஸ் ப்ளகின்ல (வேர்ட்பிரஸ்னா வெப்சைட் நடத்தற சாஃப்ட்வேர், ப்ளகின்னா அதுல சேக்கற எக்ஸ்ட்ரா துண்டு) ஓட்டைன்னு நியூஸ் வந்தப்போ நான் ஜாலியா டீ குடிச்சிட்டு இருந்தேன். அது டொனேஷன் வாங்கற ப்ளகின், நான் பாத்துக்கற வேர்ட்பிரஸ் சைட்டெல்லாம் புடவைக் கடை, பல் டாக்டர், ட்யூஷன் சென்டர், இதுல யாரு டொனேஷன் கேக்கப் போறா. எதுக்கும் இருக்கட்டும்னு சர்வர்ல போய் எல்லா சைட் ஃபோல்டர்லயும் அந்த ஓட்டைக்கு காரணமான அன்சீரியலைஸ்ங்கற ஃபங்ஷன் பேர தேடி ஒரு கிரெப் (ஃபைலுக்குள்ள வார்த்தை தேடற கமாண்ட்) போட்டேன், லிஸ்ட் கீழ கீழ ஓடிட்டே இருக்கு, அதுல ஒரு ஃபைல் பேரு எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு திறந்தா மேல கமென்ட்ல என் பேரு. 2014ல நானே எழுதினது.

புடவைக் கடை சைட்டுக்காக எழுதினது அது. கஸ்டமர் கடைசியா பாத்த ஆறு புடவைய ஒரு ஓரமா காட்டணும்னு அண்ணாச்சி கேட்டாரு. டேட்டாபேஸ்ல டேபிள் போட சோம்பேறித்தனம், அதனால பாத்த புடவை லிஸ்ட்ட ஒரு அர்ரேவா வச்சு, சீரியலைஸ் பண்ணி, குக்கீல (வர்றவங்க ப்ரவுசர்ல இருக்கற குட்டி டேட்டா, அவங்க நினைச்சா மாத்தலாம்) போட்டுட்டேன். அடுத்த தடவை ஆளு வந்தா குக்கீய எடுத்து அன்சீரியலைஸ், வேலை முடிஞ்சுது. எவ்வளவு அழகா ஒரே லைன்ல முடிச்சிட்டோம்னு அன்னைக்கு பெருமை வேற.

சீரியலைஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். பிஎச்பில (வேர்ட்பிரஸ எழுதின மொழி) மெமரில இருக்கற ஒரு சாமான, அர்ரேவோ ஆப்ஜெக்ட்டோ, ஒரு நீள ஸ்ட்ரிங்கா (எழுத்து வரிசையா) மடிச்சு வைக்கறது தான் சீரியலைஸ், அத திரும்பப் பிரிக்கறது அன்சீரியலைஸ். பட்டுன்னு ஒரு வார்த்தைய மடிச்சா எஸ்:15:"பட்டு"; அப்படிங்கற மாதிரி வரும் (எஸ்ஸுன்னா ஸ்ட்ரிங், 15 அதோட நீளம்). மூணெழுத்துக்கு எப்படி 15னு கேப்பீங்க. அது எழுத்த எண்ணல, பைட்ட எண்ணுது. ப, ட, புள்ளி, மறுபடி ட, உகரக் குறி, மொத்தம் அஞ்சு துண்டு, யூடிஎஃப்-8ல (எழுத்த பைட்டா மாத்தற முறை) தமிழ்த் துண்டு ஒவ்வொண்ணும் 3 பைட்டு. இந்த நம்பர் ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ மொத்த ஸ்ட்ரிங்கும் காலி, பிரிக்க வராது. சைட்ட எச்டிடிபில இருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாத்தறேன்னு டேட்டாபேஸ்ல நேரா ரீப்ளேஸ் அடிச்சு தீம் செட்டிங்ஸ் பூரா பறிகொடுத்தவங்களுக்கு இந்த வலி தெரியும். ஒரே ஒரு எஸ் எழுத்து கூடினதுக்கு.

இது வரைக்கும் பாவம் ஒண்ணுமில்ல. பிரச்சனை எங்கன்னா இந்த ஸ்ட்ரிங்குக்குள்ள ஆப்ஜெக்ட்டும் (க்ளாஸ்ங்கற அச்சுல வார்த்த சாமான், அதோட டேட்டா இருக்கற இடம் ப்ராபர்ட்டி) வரலாம். "இந்தப் பேர்ல ஒரு க்ளாஸ் இருக்கு, அதுல ஒரு ஆப்ஜெக்ட் செய், இன்ன ப்ராபர்ட்டில இன்ன மதிப்பு வை"ன்னு ஸ்ட்ரிங்க்ல எழுதி இருந்தா பிஎச்பி ஏன்னு கேக்காம செஞ்சு வச்சிடும். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது வழக்கமா ஓடற ஃபங்ஷன்) கூட ஓடாது, அதுக்குள்ள நீங்க போட்ட செக்கிங் எதுவும் நடக்காது. ஆனா வேக்கப்னு ஒரு ஃபங்ஷன் இருந்தா பிரிக்கும்போதே தானா ஓடும், டிஸ்ட்ரக்ட்னு ஒண்ணு இருந்தா அந்த ஆப்ஜெக்ட் சாகும்போது தானா ஓடும். அந்த ஃபங்ஷனுக்குள்ள டெம்ப் ஃபைல டெலீட் பண்ற கோடு இருக்கு, எந்த ஃபைல்ங்கறது ப்ராபர்ட்டில இருக்குன்னு வைங்க. ப்ராபர்ட்டிய எழுதினது வெளியாளு. அவன் டெம்ப் ஃபைல் பேருக்கு பதிலா உங்க வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைல் பேர எழுதிட்டா? அந்த ஃபைல் போச்சுன்னா வேர்ட்பிரஸ் தன்ன புது சைட்டுன்னு நினைச்சு இன்ஸ்டால் பக்கத்த காட்டும், வந்தவன் அவனோட டேட்டாபேஸ காட்டி அவனே அட்மின் ஆயிடுவான்.

அவன் ஒரு லைன் கோடு கூட கொண்டு வரல பாருங்க. வெறுங்கையோட வந்த திருடன் நம்ம வீட்டு அருவாமனையையே எடுத்து நம்ம கழுத்துல வச்ச கதை. 2010 பிளாக்ஹேட் செக்யூரிட்டி மாநாட்டுல ஸ்டீஃபன் எஸ்ஸர்ங்கறவர் இத ரொம்ப விரிவா காமிச்சுட்டாரு, சைட்ல ஏற்கனவே இருக்கற க்ளாஸ்கள ஒண்ணோட ஒண்ணு கோத்து எப்படி வேலை வாங்கறதுன்னு. இந்தக் கோர்வைக்கு பாப் செயின்னு பேரு. நான் குக்கீ ப்ளகின் எழுதினது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, ஆனா எனக்கு அதெல்லாம் அப்போ காதுலயே விழல.

இன்னொரு கேவலத்தயும் சொல்லிடறேன். வேர்ட்பிரஸ் குக்கீல வர்ற கோட்டேஷன் மார்க்குக்கெல்லாம் முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு வைக்கும், அதனால முதல்ல என் அன்சீரியலைஸ் வேலையே செய்யல. வரவன் அனுப்பறதும் அதே மாதிரி உடைஞ்சு போயிருக்கும், அதிர்ஷ்டத்துல கிடைச்ச காவல். நான் என்ன பண்ணேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடி ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ்னு ஒரு ஃபங்ஷன கண்டுபுடிச்சு அந்த பேக்ஸ்லாஷ உரிச்சு எடுத்துட்டு "சரி பண்ணிட்டேன்"னு தூங்கப் போனேன்.

இப்போ கிவ்டபிள்யூபி கதைக்கு வருவோம், ஏன்னா அதுலயும் இந்த ஸ்லாஷ் வருது. அப்போ ஒரு லட்சம் சைட்டுக்கு மேல ஓடின ப்ளகின். ஓட்டை எங்கன்னா டொனேஷன் ஃபார்ம்ல திரு, திருமதின்னு செலக்ட் பண்ற அந்த குட்டி டைட்டில் ஃபீல்டுல. லாகின் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அதுல சீரியலைஸ் பண்ணின ஆப்ஜெக்ட்ட அனுப்பினா போதும், பின்னாடி எங்கயோ பிரிஞ்சிடும். தீவிரம் பத்துக்குப் பத்து மார்க். உள்ள டிசிபிடிஎஃப்னு பிடிஎஃப் செய்யற லைப்ரரி இருந்துச்சு, அதோட டிஸ்ட்ரக்ட்ட வச்சு ஃபைல டெலீட் பண்ணலாம். அதோட நிக்கல, சர்வர்ல கமாண்டே ஓட்டற அளவுக்கு ஒரு செயின் கோத்தாங்க, அதுல கடைசி கண்ணி ஃபேக்கர்ங்கற லைப்ரரில இருந்து வந்தது. டெஸ்டிங்குக்காக பொய்ப் பேரு பொய் அட்ரஸ் செஞ்சு தர்ற லைப்ரரி அது. உண்மையான ஆளுங்க பணம் போடற சைட்ல அதுக்கு என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியல.

3.14.2 வெர்ஷன்ல சரி பண்ணாங்க. எப்படின்னா வர்றது சீரியலைஸ் ஆன மாதிரி இருக்கான்னு பாத்து, இருந்தா தடுக்கறது. அடுத்த மாசமே அதையும் தாண்டிட்டாங்க. ஸ்ட்ரிங்க்ல பேக்ஸ்லாஷ சொருகி அனுப்பினா செக்கிங் பண்ற இடத்துல அது சீரியலைஸ் மாதிரி தெரியாது, உள்ள போனப்புறம் ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் குடும்பத்து ஃபங்ஷன் ஒண்ணு அத உரிச்சு விட்டுடும். படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, அப்புறம் என் ப்ளகின் ஞாபகம் வந்து சிரிப்பு நின்னுடுச்சு. 3.16.1, 3.16.2ன்னு ரெண்டு தடவை வெளியிட்டு தான் அத அடைச்சாங்க.

இந்த "மாதிரி இருக்கா" செக்கிங் மேல எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. 2013ல வேர்ட்பிரஸ் கோர்லயே (ப்ளகின் சேராத மூல வேர்ட்பிரஸ்) இதே தான் நடந்துச்சு. ஒரு ஸ்ட்ரிங் செமிகோலன்லயோ } பிராக்கெட்லயோ முடிஞ்சா தான் சீரியலைஸ் ஆனதுன்னு வேர்ட்பிரஸ் எடுத்துக்கும். ஒருத்தர் கடைசில ஒரு 4 பைட் எழுத்த ஒட்டி அனுப்பிப் பாத்தாரு. சேவ் பண்ணும்போது பிராக்கெட்ல முடியல, அதனால சாதா டெக்ஸ்ட்டுன்னு உள்ள விட்டாச்சு. ஆனா அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட யூடிஎஃப்-8ங்கறது 3 பைட்டோட நிக்கும், 4 பைட் எழுத்து வந்தா அங்கயே வெட்டிப் போட்டுடும். திரும்ப எடுக்கும்போது வால் அறுந்து சரியா பிராக்கெட்ல முடியுது, வேர்ட்பிரஸ் ஆஹா சீரியலைஸ்னு பிரிச்சிடுது. 3.6.1ல சரி பண்ணாங்க. நம்ம தமிழெழுத்து 3 பைட்டுங்கறதால நமக்கு அப்போ ஒண்ணும் ஆகல, ஆனா எமோஜி போட்டா அதுக்கப்புறம் இருந்த பாதி போஸ்ட் காணாம போகும், அது ஏன்னு பல வருஷம் தெரியாம இருந்தேன். 2015 டிசம்பர்ல ஜூம்லா (வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர்) சைட்டுங்கள போட்டுத் தாக்கினப்பவும் இதே வால் வெட்டுற ட்ரிக் தான், அங்க வழி, நான் இன்ன ப்ரவுசர்னு ப்ரவுசர் சொல்லி அனுப்பற யூசர் ஏஜென்ட்ங்கற வரி.

என் கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணே, உங்க ப்ளகின்ல தான் ஒரு க்ளாஸும் இல்லையே, வெறும் ஃபங்ஷன் தான, இங்க என்ன செயின் கோப்பாங்க?" நிறைய பேரு இப்படித்தான் தப்பிச்சுக்கறாங்க. டேய், அன்சீரியலைஸ் என் ஃபைலுக்குள்ள மட்டுமா தேடும், சைட்ல லோட் ஆகி இருக்கற எல்லா க்ளாஸும் அதுக்கு சொந்தம். துப்பாக்கி ஒரு ப்ளகின்ல, விசை இன்னொரு ப்ளகின்ல. உதாரணத்துக்கு, வேர்ட்பிரஸ் 6.4ல எச்டிஎம்எல் டோக்கன்னு புதுசா ஒரு க்ளாஸ் வந்துச்சு, அதோட டிஸ்ட்ரக்ட் தன் ப்ராபர்ட்டில எந்த ஃபங்ஷன் பேரு இருக்கோ அத கூப்பிடும், கூப்பிடும்போது இன்னொரு ப்ராபர்ட்டில இருக்கறத கையில குடுக்கும். இதவிட வசதியா ஹேக்கரே எழுதி இருக்க மாட்டான். 2023 டிசம்பர் 6ஆம் தேதி 6.4.2 விட்டு அத மூடினாங்க, இனிமே அந்த க்ளாஸ அன்சீரியலைஸ் பண்ணப் பாத்தா எர்ரர் தான். அடுத்த மாசம், 2024 ஜனவரில, பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்ல ஓட்டைன்னு வந்துச்சு, பத்து லட்சம் சைட்ல இருந்த ப்ளகின். அதுக்குள்ள செயின் எதுவும் இல்ல. ஆனா 6.4.1லயே உக்காந்திருக்கற சைட்ல அது இருந்தா? ரெண்டும் சேந்தா கதை முடிஞ்சுது. அதுலயும் கொடுமை, மேல சொன்னேன்ல, எஸ் எழுத்து கூடி நீளம் மாறி உடையறது, அத உடையாம மாத்தித் தர்றதுக்குன்னே இருக்கற ப்ளகின் இது. அதுக்குத்தான் பிரிச்சுப் பாக்குது, பிரிக்கற இடத்துல தான் மாட்டுச்சு.

சரி பண்றதுக்கு எனக்கு இருபது நிமிஷம் தான் ஆச்சு. சீரியலைஸ எடுத்துட்டு ஜேசான் (டேட்டாவ ஸ்ட்ரிங்கா எழுதற இன்னொரு முறை) போட்டேன், அதுல நம்பர், எழுத்து, அர்ரே மாதிரி வெறும் டேட்டா தான் போகும், க்ளாஸ் பேரச் சொல்லி ஆப்ஜெக்ட் செய்யச் சொல்ற வழியே கிடையாது. அன்சீரியலைஸ் கண்டிப்பா வேணும்ங்கற இடத்துல பிஎச்பி 7ல இருந்து அலவ்ட் க்ளாஸஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஃபால்ஸ்னு குடுத்தா அவன் சொல்ற க்ளாஸ் எதுவும் உயிரோட எழுந்து வராது. பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் 1.4.5லயும் அத தான் பண்ணாங்க.

ஆனா கிரெப்ப மட்டும் நம்பிடாதீங்க. 2018ல சாம் தாமஸ்னு ஒருத்தர் காமிச்சாரு, ஃபார்ங்கற ஆர்க்கைவ் ஃபைலோட மெட்டாடேட்டா சீரியலைஸ் பண்ணி தான் இருக்கும், அந்த ஃபைல படம் மாதிரி அப்லோட் பண்ணிட்டு, ஃபைல் இருக்கான்னு பாக்கற சாதா ஃபங்ஷனுக்கு ஃபார்னு ஆரம்பிக்கற ஃபைல் பாதைய குடுத்தா போதும், தானா பிரிஞ்சிடும். கோட்ல அன்சீரியலைஸ்ங்கற வார்த்தையே இருக்காது, கிரெப்ல எப்படி மாட்டும். பிஎச்பி 8ல இந்தத் தானா பிரியறத நிறுத்திட்டாங்க, அதனால அன்னைக்கு ராத்திரியே முடிஞ்ச சைட்டையெல்லாம் 8க்கு தூக்கினேன்.

முடியாதது ஒண்ணு, பல் டாக்டர் சைட். காசு குடுத்து வாங்கின தீம், செஞ்சவங்க கடையையே மூடிட்டாங்க, 8ல போட்டா வெள்ளைப் பக்கம் தான் வருது. அதுல செட்டிங்ஸ் இம்போர்ட் பண்ற இடத்துல யாரு அனுப்பறாங்கன்னு கூட பாக்காம பேஸ்64ஐ (டேட்டாவ வேற எழுத்தா மாத்தி எழுதற முறை, யாரு வேணா பிரிக்கலாம்) பிரிச்சு நேரா அன்சீரியலைஸ். பேஸ்64 போட்டா பாதுகாப்புன்னு நினைச்சிருப்பாங்க போல. அந்த இம்போர்ட் ஃபைலையே தூக்கிட்டேன், டாக்டர்கிட்ட புது தீமுக்கு கொட்டேஷன் குடுத்து எட்டு மாசம் ஆச்சு, "பாக்கலாம்"னு சொல்லி இருக்காரு.

அண்ணாச்சி மட்டும் மறுநாள் காலையிலயே ஃபோன் பண்ணாரு. "தம்பி, பாத்த புடவையெல்லாம் காணோமே, என்ன பண்ணீங்க?" பழைய குக்கீயெல்லாம் ஜேசான்ல பிரியாது, அதனால எல்லாத்தயும் தூக்கிப் போட வேண்டியதாயிடுச்சு. பத்து வருஷமா உங்க கடைக் கதவு தொறந்தே கெடந்துச்சு அண்ணாச்சி, தொறந்து வச்சதும் நான் தான்னு எப்படிச் சொல்றது. "அப்டேட் பண்ணேன் அண்ணாச்சி, ரெண்டு நாள்ல வந்துரும்"னு சொன்னேன். "அதுக்கு பில்லு போட்டுறாதீங்க"ன்னாரு. போடல.